கைக்குழந்தைக்கு உடம்பு சரியில்லை: எதைப் பார்த்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவது?

மல்லிகை | 3 நவம்பர் 2025, இரவு 9.40

ஏழு வாரக் குழந்தை. வீட்டில் பெரியவர்கள் சொல்கிற கணக்கு இது: காய்ச்சல் 101 தாண்டாத வரை மூன்று நாள் பார்க்கலாம், பால் கக்கினால் உரை மருந்து, ராத்திரி விடாமல் அழுதால் தொக்கம் எடுக்கணும். இதில் எதை நம்புவது? நெட்டில் இருக்கிற ஆபத்து அறிகுறிப் பட்டியல் எல்லாம் படித்தாச்சு. ‘சோர்வாக இருந்தால்’, ‘மூச்சு வாங்கினால்’ என்று போட்டிருக்கிறார்கள். எவ்வளவு சோர்வு? மூச்சு வாங்குவதை எப்படி அளப்பது? அதைச் சொல்லுங்கள்.

வார்டு செவிலி | 3 நவம்பர், இரவு 10.25

முதல்ல வயசு. காய்ச்சல் எத்தனைங்கிறது அதுக்கு அப்புறம்தான்.

ரெண்டு மாசம் முடியாத குழந்தைக்கு 101 கணக்கு, மூணு நாள் கணக்கு எதுவும் கிடையாது. அக்குளில் வெச்சுப் பார்த்து 99.5 (37.5 செல்சியஸ்) இருந்தாலே அரசு வழிகாட்டுதல்ல அது ஆபத்து அறிகுறி. போர்வையை எடுத்துட்டு, அரை மணி கழிச்சு இன்னொரு தடவை பாருங்க. அப்பவும் இருந்தா கிளம்பணும். 100.4 இருந்தா அந்த அரை மணியும் வேண்டாம், ராத்திரி எத்தனை மணியா இருந்தாலும் போயிடுங்க.

ஏன் இவ்வளவு அவசரம்னா, இந்த வயசுல தொற்று ஒரு இடத்துல நிக்காது. ரத்தத்துல பரவி மூளை உறை வரைக்கும் போயிடும். பெரிய பிள்ளைன்னா கழுத்து விறைக்கும், தலை வலிக்குதுன்னு சொல்லும். ஏழு வாரக் குழந்தைக்குக் காய்ச்சலும் பால் குடிக்காததும் மட்டும்தான் வெளியில தெரியும். அதனாலதான் ரத்தம், சிறுநீர், சில நேரம் முதுகுத் தண்டு நீர் வரைக்கும் எடுத்துப் பார்க்கிறோம்.

இன்னொரு பக்கமும் இருக்கு. உடம்பு சில்லுன்னு ஆகி 95.9 (35.5 செல்சியஸ்) கீழ போனா அதுவும் அதே அளவு அவசரம். பச்சைக் குழந்தைக்கு ரத்தத்துல தொற்று வந்தா காய்ச்சலுக்குப் பதிலா உடம்பு குளிர்ந்து போகிறதும் உண்டு. நெத்தியைத் தொட்டுப் பார்க்கிறது போதாது. டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி, நுனி அக்குள் நடுவில இருக்கிற மாதிரி வெச்சு, கையை உடம்போட ஒட்டிப் பிடிச்சு, ‘பீப்’ வர்ற வரை எடுக்காதீங்க.

மல்லிகை | 3 நவம்பர், இரவு 10.41

அக்கா, ஆறாவது வாரத் தடுப்பூசி அன்றைக்குக் காய்ச்சல் வந்தது. சுகாதார நிலையத்தில் சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். அப்போதும் ஓடியிருக்க வேண்டுமா?

பச்சிளம் டாக்டர் | 4 நவம்பர், காலை 6.50

நல்ல கேள்வி. மேலே செவிலி சொன்ன விதிக்கு இருக்கும் ஒரே விலக்கு இதுதான். 6, 10, 14 வாரங்களில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசிக்கு (பென்டாவேலன்ட்) அன்று மாலையும் மறுநாளும் காய்ச்சல் வருவது இயல்பு. குழந்தை வழக்கம்போல் பால் குடித்து, விழித்திருக்கும்போது முகம் பார்த்தால், செவிலியர் எடை பார்த்துச் சொன்ன அளவில் பாராசிட்டமால் கொடுத்து வீட்டிலேயே கவனிக்கலாம்.

இந்த விலக்கு 48 மணி நேரத்தோடு முடிகிறது. அதற்கு மேல் நீடிக்கும் காய்ச்சலையும், மூன்றாம் நாள் புதிதாக வரும் காய்ச்சலையும் ஊசியின் கணக்கில் எழுதக்கூடாது. 48 மணி நேரத்துக்குள்ளும் சில விஷயங்களுக்குக் கிளம்பத்தான் வேண்டும்: மூன்று மணி நேரம் எதற்கும் அடங்காத அழுகை, வெளுத்துத் துவண்டு போவது, பாலை மறுப்பது, 102 தாண்டுவது.

ஊசி போடாத நாளில் இந்த வயதுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், வீட்டில் பாராசிட்டமால் கொடுத்து ‘இறங்குகிறதா’ என்று பார்க்காதீர்கள். சூடு இறங்கும், தொற்று அப்படியே இருக்கும், நேரம் போய்விடும்.

கிராமச் செவிலி | 4 நவம்பர், மதியம் 2.15

மூச்சை அளப்பது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். எண்ண வேண்டியதுதான். சட்டையைத் தூக்கிவிட்டு, குழந்தை தூங்கும்போதோ அழாமல் இருக்கும்போதோ வயிற்றைப் பாருங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. செல்போனில் ஒரு நிமிடம் வைத்து முழுசாக எண்ணுங்கள். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் தப்பாகிவிடும். பச்சைக் குழந்தையின் மூச்சு ஒரே சீராக இருக்காது; வேகமாகப் போகும், ஐந்து பத்து நொடி நிற்கும், மறுபடி ஓடும்.

இரண்டு மாதத்துக்குக் கீழ்: 60, அதற்கு மேல்.
2 முதல் 12 மாதம் வரை: 50, அதற்கு மேல்.
1 முதல் 5 வயது வரை: 40, அதற்கு மேல்.

இது வேக மூச்சு. அன்றைக்கே காட்ட வேண்டும். இரண்டு மாதத்துக்குக் கீழ் என்றால் உடனே.

எண்ணிக்கை என்னவாக இருந்தாலும் 108 கூப்பிட வேண்டியவை: மூச்சை உள்ளே இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே ஆழமாகக் குழி விழுவது, மூச்சு விடும்போது ஒவ்வொரு தடவையும் ‘ம்ம்’ என்று முனகுவது, 20 நொடிக்கு மேல் மூச்சு நிற்பது, நாக்கும் ஈறும் நீலமாவது. கையும் காலும் மட்டும் நீலம் பூத்திருந்தால் அது குளிரினாலும் இருக்கும். நம்ம நிறத்துக் குழந்தைகளுக்கு உதட்டை வைத்துச் சொல்ல முடியாது, நாக்கைப் பாருங்கள்.

வார்டு செவிலி | 4 நவம்பர், மாலை 5.02

மேல சொன்னதுல ஒண்ணு சேர்க்கணும். ரெண்டு மாசத்துக்குக் கீழ முதல் தடவை 60 தாண்டினா, இன்னொரு தடவை ஒரு நிமிஷம் எண்ணுங்க. பால் குடிச்ச உடனே, அழுது முடிச்ச உடனே எண்ணினா ஏறித்தான் இருக்கும். ரெண்டாவது தடவையும் 60ன்னா அதுதான் கணக்கு. நெஞ்சுக்குழி லேசா அசையறது இந்த வயசுல சகஜம், விலா மென்மையா இருக்கும். தள்ளி நின்னு பார்த்தாலே பளிச்சுனு தெரியுற குழிதான் ஆபத்து.

பச்சிளம் டாக்டர் | 4 நவம்பர், இரவு 11.30

‘எவ்வளவு சோர்வு’ என்பதற்குப் பாலைத்தான் அளவுகோலாக வைப்பேன். பால் குடிப்பது இந்த வயதுக் குழந்தைக்குக் கடினமான வேலை. உடம்பில் எது கெட்டாலும் முதலில் குறைவது அதுதான். வழக்கமாகக் குடிப்பதில் பாதிகூடக் குடிக்கவில்லை, அல்லது அடுத்தடுத்து இரண்டு வேளை வாயில் வைத்தும் சப்பவில்லை என்றால் காய்ச்சல் இல்லாவிட்டாலும் கொண்டு வாருங்கள். தூங்கும் குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டிப் பாருங்கள். காலை இழுத்துக்கொண்டு முகம் சுளித்தால் அது தூக்கம். சுண்டினால் மட்டும் அசைந்து மறுபடி துவண்டால் அது மயக்கத்தின் தொடக்கம்.

இன்னொன்றை வீட்டில் தவறவிடுகிறார்கள். இரண்டு நிமிடம் சப்பி, களைத்து நிறுத்தி, நெற்றி வியர்த்து, மறுபடி சப்பும் குழந்தை. எடையும் ஏறாது. ‘சோம்பேறிக் குழந்தை’ என்று செல்லமாகச் சொல்வார்கள். இதயத்தில் ஓட்டை போன்ற பிறவிக் கோளாறு இப்படித்தான் முதலில் தெரியவரும். அந்த வாரத்திலேயே காட்டுங்கள்.

சிறுநீர்: ஒரு வாரம் ஆன பிறகு ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது போக வேண்டும். எட்டு மணி நேரம் போகவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். ஜெல் டயப்பரில் ஈரம் தெரியாது. உடம்பு சரியில்லாத நாளில் துணி கட்டுங்கள்.

இரட்டையர் அம்மா | 5 நவம்பர், காலை 9.12

எட்டு மாதப் பிள்ளைகளுக்கு? எங்கள் தெருவில் பாதி வீட்டில் காய்ச்சல். 102 வரைக்கும் பயமில்லை என்று சொல்கிறார்களே?

பச்சிளம் டாக்டர் | 5 நவம்பர், மதியம் 1.40

மூன்று முதல் ஆறு மாதம் வரை 102.2 (39 செல்சியஸ்) தொட்டால் அன்றே. ஆறு மாதம் தாண்டினால் எண்ணுக்கு மதிப்புக் குறைவு. 103 இருந்தும் மருந்து கொடுத்த ஒரு மணி நேரத்தில் தவழ்ந்து விளையாடும் பிள்ளையை வீட்டில் வைத்துப் பார்க்கலாம். 100 இருந்தும் தோளில் துவண்டு கிடக்கும் பிள்ளையை வைத்துப் பார்க்கக்கூடாது.

சளி, இருமல், பேதி எதுவும் இல்லாமல் ஒரு நாள் தாண்டும் காய்ச்சலுக்குச் சிறுநீர்ப் பரிசோதனை கேளுங்கள். கைக்குழந்தைகளின் சிறுநீர்த் தொற்று பல நேரம் காய்ச்சலைத் தவிர வேறு எதையும் காட்டாது. ஐந்தாம் நாளும் காய்ச்சல் நிற்கவில்லை, பீளை இல்லாமல் கண் சிவந்திருக்கிறது, உதடு சிவந்து வெடித்திருக்கிறது என்றால் இதய ரத்தக்குழாயைக் கெடுக்கக்கூடிய கவாசாகி நோயை நினைக்க வேண்டும். இடது தோளில் பிறந்தபோது போட்ட பி.சி.ஜி. தழும்பு திடீரென்று சிவந்து தடித்திருந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பத்து நாளுக்குள் சிகிச்சை தொடங்கினால் இதய ரத்தக்குழாயைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம்.

மருந்துக்கடை அண்ணன் | 5 நவம்பர், இரவு 8.05

காய்ச்சல் மருந்து பத்தி நான் சொல்லணும், தப்பு நடக்கிறதே இங்கதான். பாராசிட்டமால் மூணு விதமா கடையில இருக்கு. சொட்டு மருந்துல 1 மி.லி.க்கு 100 மி.கி. சிரப்புல 5 மி.லி.க்கு 120 அல்லது 125 மி.கி. இன்னொரு சிரப்புல 5 மி.லி.க்கு 250 மி.கி. அட்டை ஒரே நிறம், பேரும் ஒண்ணுதான்.

ஒரு வேளை அளவு, கிலோவுக்கு 15 மி.கி. 6 கிலோ குழந்தைக்கு 90 மி.கி. சொட்டு மருந்துன்னா 0.9 மி.லி. 120 சிரப்புன்னா 3.75 மி.லி. 250 சிரப்புன்னா 1.8 மி.லி. ‘போன தடவை மூணே முக்கால் கொடுத்தோம்’னு சொட்டு மருந்துல அதே அளவை ஊத்தினா 375 மி.கி., நாலு மடங்கு. கல்லீரல் கெடும். ரெண்டு வேளைக்கு நடுவுல ஆறு மணி நேரம், ரொம்ப அவசரம்னா நாலு மணி நேரம். ஒரு நாளைக்கு நாலு வேளைக்கு மேல வேண்டாம். சமையல் ஸ்பூன் வேண்டாம், பாட்டிலோட வர்ற மூடி இல்லன்னா ஊசி இல்லாத சிரிஞ்ச்.

இருமல் சிரப் கேட்டு வர்றவங்களுக்கு: ரெண்டு வயசுக்குக் கீழ எதுவும் வேண்டாம். போன மாசம் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவுல பிள்ளைங்க சிறுநீரகம் செயலிழந்து செத்தது உங்களுக்குத் தெரியும். நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துல தயாரான சிரப்புல டைஎத்திலீன் கிளைக்கால்ங்கிற விஷம் கலந்திருந்துச்சு. மத்திய அரசும் ரெண்டு வயசுக்குக் கீழ இருமல், சளி மருந்து எழுத வேண்டாம்னு சுற்றறிக்கை விட்டுச்சு. நல்ல சிரப்பா இருந்தாலும் இந்த வயசுல பலன் கிடையாது. மூக்கடைப்புக்கு உப்பு நீர்ச் சொட்டு, பால் குடிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு ரெண்டு சொட்டு. அது போதும்.

இரட்டையர் அம்மா | 5 நவம்பர், இரவு 8.30

இதைப் பிரிண்ட் எடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டப் போகிறேன் அண்ணே. பேதிக்கும் யாராவது இதே மாதிரி அளவோடு எழுதுங்கள்.

கிராமச் செவிலி | 6 நவம்பர், காலை 11.20

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஒரு நாளைக்கு எட்டுப் பத்து தடவை மஞ்சளாக, கடுகு கடுகாகப் போனால் அது பேதி இல்லை. வழக்கத்தைவிட எண்ணிக்கை கூடி, தண்ணீராகவே போனால்தான் பேதி.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டின் பின்பக்கம் 1 லிட்டருக்கா 200 மி.லி.க்கா என்று படியுங்கள். லிட்டர் பாக்கெட்டில் கொஞ்சம் எடுத்து ஒரு தம்ளரில் கலக்கும் பழக்கத்தை விடுங்கள். உப்பு கூடினால் குழந்தைக்கு வலிப்பே வரும், குறைந்தால் பலனில்லை. முழுப் பாக்கெட், முழு லிட்டர், கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர். 24 மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். இரண்டு வயதுக்குள் ஒவ்வொரு பேதிக்கும் 50 முதல் 100 மி.லி., ஒரு நிமிடம் இரண்டு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூனாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, இன்னும் மெதுவாக. தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. கூடவே துத்தநாகம் (ஜிங்க்) தினமும், 14 நாள்: ஆறு மாதத்துக்குக் கீழ் 10 மி.கி., மேல் 20 மி.கி. பேதி மூன்றாம் நாளே நின்றாலும் 14 நாளும் கொடுக்க வேண்டும். இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்குப் பேதி என்றால் இதெல்லாம் வீட்டு வைத்தியம் இல்லை, நேராக மருத்துவமனை.

‘ஓ.ஆர்.எஸ்.’ என்று பேர் போட்டுப் பழச்சாறு டப்பாவில் விற்றதெல்லாம் ஓ.ஆர்.எஸ். இல்லை. அவற்றில் சர்க்கரை அதிகம், பேதியைக் கூட்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பேரையே போடக்கூடாது என்று போன மாதம்தான் உத்தரவு போட்டது.

உச்சிக்குழி உள்வாங்கியிருப்பது, கண் குழிந்திருப்பது, அழுதும் கண்ணீர் வராதது, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் உடனே படியாதது: நீர் வறட்சி. பாட்டிகள் ‘உச்சி விழுந்துடுச்சு’ என்று சொன்னால் கேளுங்கள், அவர்கள் பார்த்தது சரி. அதற்கு எண்ணெய் வைத்து உறிஞ்சி எடுப்பதுதான் வேண்டாம். குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்து, அழாத நேரத்தில் பாருங்கள். அதே உச்சி புடைத்துக்கொண்டு இருந்தால் மூளைக் காய்ச்சலாக இருக்கலாம். அது இன்னும் அவசரம்.

மல்லிகை | 6 நவம்பர், இரவு 9.55

உரை மருந்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

பச்சிளம் டாக்டர் | 7 நவம்பர், காலை 7.05

உரை மருந்தில் இருக்கும் வசம்பு அளவு தப்பினால் வாந்தி, மயக்கம் தரும். கல்லில் உரைத்துச் சங்கில் புகட்டும்போது அளவும் கிடையாது, சுத்தமும் கிடையாது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். சேனைத் தேனும் அப்படியே: ஒரு வயதுக்குள் தேனில் இருக்கும் கிருமி விதைகள் குடலில் வளர்ந்து, மலச்சிக்கல், ஈனமான அழுகை, கழுத்து நிற்காமல் போவது என்று வாதத்தில் கொண்டுவிடும். மூக்கில் எண்ணெய் விட்டால் நுரையீரலுக்கு இறங்கி நிமோனியா வரலாம்; காதிலும் விட வேண்டாம். கற்பூர எண்ணெயை நெஞ்சில் தடவினால் தோல் வழியே ஏறி வலிப்பு வரலாம்.

மாமியாரிடம் ‘வேண்டாம்’ என்று நீங்கள் சொல்வதைவிட, அடுத்த ஊசி நாளில் அவரையும் அழைத்துப்போய்ச் செவிலியரையே சொல்லச் சொல்லுங்கள். எண்ணெய்க் குளியலில் உடம்பில் தடவுவது நல்லதுதான் என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் மறுத்தால் எதையும் கேட்க மாட்டார்.

வார்டு செவிலி | 7 நவம்பர், இரவு 8.48

தொக்கம் எடுக்கிற கதைதான் எனக்குப் பெரிய கவலை. ஆறேழு மாசக் குழந்தை காலை வயித்தோட மடக்கி வீறிடும், ரெண்டு மூணு நிமிஷத்துல அடங்கும், வெளுத்துச் சோர்ந்து கிடக்கும், கால் மணி கழிச்சு மறுபடி வீறிடும். வீட்டுல ‘ஏதோ தொண்டையில சிக்கியிருக்கு’ன்னு தொக்கம் எடுக்கக் கூட்டிட்டுப் போவாங்க. அது குடல் குடலுக்குள்ள செருகிக்கிறது. சீக்கிரம் வந்தா மலவாய் வழியா நீரோ காத்தோ அழுத்தி, கத்தி வைக்காமலே சரி பண்ணிடலாம். மலத்துல ரத்தமும் சளியும் ஜெல்லி மாதிரி வர்ற வரைக்கும் காத்திருந்தா குடல் அழுகியிருக்கலாம். அந்த மலம் கடைசி அறிகுறி, முதல் அறிகுறி இல்ல.

வாந்தி இலைப் பச்சையா இருந்தா எந்த வயசுலயும் உடனே. குடல் முறுக்கிக்கிட்டிருக்கலாம். மூணு நாலு வாரக் குழந்தை ஒவ்வொரு தடவை குடிச்சதும் பீச்சி அடிக்கிற மாதிரி கக்கி, உடனே பசிக்குதுன்னு அழுதா இரைப்பை வாய் தடிச்சிருக்கான்னு ஸ்கேன் பார்க்கணும். கடைவாயில வழியுற தயிர்ப்பால் ஒண்ணும் பண்ணாது, எடை ஏறினா சரி.

காரணம் தெரியாம அழுதா முழுசா துணியைக் கழட்டிப் பாருங்க. கால் விரல்ல அம்மா தலைமுடி சுத்தி இறுக்கியிருக்கும். அரைஞாண் கயிறு இறுகியிருக்கும். தொடை இடுக்குல கெட்டியா உருண்டை இருந்தா குடல் இறக்கம் மாட்டியிருக்கு, அமுக்கிப் பார்க்காம வாங்க.

இரட்டையர் அம்மா | 8 நவம்பர், காலை 10.30

வலிப்பு வந்தால்? இரும்புச் சாவி கொடுக்கச் சொல்கிறார்கள்.

பச்சிளம் டாக்டர் | 8 நவம்பர், மாலை 4.18

சாவியும் வேண்டாம், ஸ்பூனும் வேண்டாம், வாயில் தண்ணீரும் வேண்டாம். தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள், ஒருவர் போனில் வீடியோ எடுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை காய்ச்சலோடு வரும் வலிப்பு பெரும்பாலும் தானே நிற்கும்; முதல் தடவை என்றால் நின்றாலும் காட்ட வேண்டும். ஆறு மாதத்துக்குள் காய்ச்சலும் வலிப்பும் சேர்ந்து வந்தால் மூளைக் காய்ச்சல் இல்லை என்று நிரூபிக்கும் வரை அதுவாகத்தான் வைத்துக்கொள்வோம்.

பச்சைக் குழந்தைக்கு வலிப்பு பெரும்பாலும் கை கால் வெட்டிக்கொண்டு வராது. கண் ஒரு பக்கமாக நிலைகுத்தும், வாய் சப்புக்கொட்டும், கால் சைக்கிள் மிதிக்கும். கை நடுங்கினால் மெல்லப் பிடியுங்கள். பிடித்ததும் நின்றால் வெறும் நடுக்கம், பிடித்தும் துடித்தால் வலிப்பு.

கிராமச் செவிலி | 9 நவம்பர், காலை 6.40

மஞ்சள் காமாலை விட்டுப்போச்சு. பிறந்த 24 மணி நேரத்துக்குள் எந்த மஞ்சளும், எந்த நாளிலும் உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளும் அன்றே காட்ட வேண்டும். காலை வெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள். பீரோவில் பாச்சை உருண்டை போட்டு வைத்த துணியைக் குழந்தைக்குப் போர்த்தாதீர்கள், சில குழந்தைகளுக்கு ரத்தம் உடைந்து மஞ்சள் ஏறும். இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் இருந்தால் மலத்தின் நிறத்தைப் பாருங்கள். சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, சிறுநீர் துணியில் மஞ்சள் கறை வைத்தால் பித்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம். 60 நாளுக்குள் அறுவை செய்தால்தான் நல்ல பலன்.

பச்சிளம் டாக்டர் | 9 நவம்பர், இரவு 10.10

மழைக்காலம், டெங்குவையும் சொல்லிவிடுகிறேன். தாய்க்கு முன்பு டெங்கு வந்திருந்தால், ஒரு வயதுக்குள் குழந்தைக்கு முதல் தடவையே கடுமையாக வரலாம். காய்ச்சல் விட்ட நாளில் கை கால் சில்லிட்டு, வாந்தி நிற்காமல், அமைதியாகக் கிடந்தால் ‘காய்ச்சல் போய்விட்டது’ என்று சந்தோஷப்படாதீர்கள். ஆபத்தான நேரம் அதுதான். பாராசிட்டமால் தவிர வேறு காய்ச்சல் மருந்து வேண்டாம். தோலில் புள்ளி இருந்தால் கண்ணாடித் தம்ளரை அழுத்திப் பாருங்கள். மறையாத புள்ளி என்றால் உடனே.

மல்லிகை | 10 நவம்பர், மாலை 6.22

கிளம்பும்போது என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுங்கள் அக்கா. எங்கள் ஊரிலிருந்து ஜி.எச். நாற்பது நிமிடம்.

வார்டு செவிலி | 10 நவம்பர், இரவு 9.30

108ல குழந்தையோட வயசை முதல்ல சொல்லுங்கம்மா, ‘ஏழு வாரம், பால் குடிக்கல’ன்னு. பிறந்து 28 நாளுக்குள்ளன்னா பச்சிளம் குழந்தைப் பிரிவு இருக்கிற ஆஸ்பத்திரிக்கே நேரா போகச் சொல்லுங்க. வழியில இன்னொரு இடத்துல இறங்கினா நேரம் வீண். ஒரு வயசு வரைக்கும் அரசு ஆஸ்பத்திரியில மருந்து, பரிசோதனை, வண்டி எல்லாம் இலவசம்.

உடம்பு சில்லுன்னு இருந்தா டயப்பர், தொப்பியோட உங்க நெஞ்சுல தோலோட தோல் ஒட்ட வெச்சு மேல புடவை சுத்துங்க. நாப்பது நிமிஷப் பயணத்துல குளிர்ந்து போற குழந்தைங்க நிறைய. சப்ப முடிஞ்சா வழியெல்லாம் பால் கொடுங்க, சர்க்கரை இறங்காம இருக்கும். மயக்கமா இருந்தா, மூச்சு வாங்கினா, பச்சையா கக்கினா, குடல் செருகின மாதிரி இருந்தா வாயில எதுவும் வேண்டாம். தடுப்பூசி அட்டையை எடுத்துக்குங்க. கொடுத்த மருந்தோட பாட்டிலையே எடுத்துக்குங்க, பேர் சொன்னா போதாது. உரை மருந்து கொடுத்திருந்தா அதையும் மறைக்காம சொல்லுங்க, யாரும் திட்ட மாட்டாங்க. கடைசியா பால் குடிச்ச நேரம், கடைசியா சிறுநீர் போன நேரம், காய்ச்சல் பார்த்த எண், இந்த மூணையும் போன்ல எழுதி வெச்சுக்கிட்டு வாங்க, ராத்திரி டியூட்டி டாக்டர் முதல்ல கேட்கிறது அதைத்தான்.